நோன்பைப் புகழும் ஆய்வு வேண்டும், நோயாளியைக் காக்கும் ஆய்வு வேண்டாமா?



ரமளான் நெருங்கும்போதெல்லாம் நம் குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி தவறாமல் வலம் வருகிறது. ஜப்பான் நாட்டு விஞ்ஞானி ஒருவர் நோன்பை ஆராய்ந்து, அது உடலிலுள்ள நோய்களையெல்லாம் தின்று தீர்க்கிறது என்று நிறுவி நோபல் பரிசு பெற்றுவிட்டாராம். செய்தியின் அடியில் ‘மாஷா அல்லாஹ்’, ‘ஸுப்ஹானல்லாஹ்’ என்று பதில்கள் குவிகின்றன. அதை நமக்கு அனுப்பியவர்களில் ஆலிம்களும் உண்டு, மருத்துவம் பயிலும் பிள்ளைகளும் உண்டு.

உண்மை என்ன? யோஷினோரி ஓசுமி என்ற அந்த அறிஞர் 2016ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பெற்றது மெய்யே. ஆனால் அவர் ஆராய்ந்தது, ரொட்டி மாவைப் புளிக்க வைக்கும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிரின் செல்களை. ஊட்டம் கிடைக்காதபோது ஒரு செல் தன்னுள் பழுதுபட்டவற்றைத் தானே சிதைத்து மறுபடி பயன்படுத்திக்கொள்கிறது. ‘ஆட்டோஃபேஜி’ எனப்படும் அந்தச் செயலை அவர் நுண்ணோக்கியில் கண்டார். அதை இயக்கும் மரபணுக்களை 1990களில் அடையாளம் காட்டினார். பரிசு அதற்கே வழங்கப்பட்டது. ரமளான் நோன்பையோ, நோன்பு நோற்கும் மனிதரையோ, சர்க்கரை நோயாளியையோ அந்த ஆய்வு தொடவே இல்லை.

நோன்பு ஏன் கடமையாக்கப்பட்டது என்பதை அல்லாஹ் தன் திருமறையில் (2:183) தெளிவாகக் கூறிவிட்டான். அது இறையச்சத்துக்கான பயிற்சி. ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக இந்தச் சமுதாயம் நோன்பு நோற்றது இறைக் கட்டளை என்பதற்காக. ஸ்டாக்ஹோமிலிருந்து ஒரு சான்றிதழ் வந்தால்தான் நம் வணக்கம் நிமிர்ந்து நிற்கும் என்று நாம் எப்போது எண்ணத் தொடங்கினோம்?

இது வெறும் மிகைப்பேச்சாக நின்றிருந்தால் நாம் இக்கட்டுரையை எழுதியிருக்க மாட்டோம். இந்தச் செய்தியை ஒரு நோயாளியும் படிக்கிறார். படித்துவிட்டு ஒரு முடிவு எடுக்கிறார். அந்த முடிவு எங்கே கொண்டுபோய்விடும் என்பதை நாம் கண்ணால் கண்டிருக்கிறோம்.

ஓர் அஸர் வேளை

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ரமளானின் நடுப்பகுதி. அஸர் தொழுகை முடிந்து பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்க அமர்ந்திருந்தோம். ஹிஃப்ழு வகுப்பு மாணவன் ஒருவன் செருப்புகூட இல்லாமல் ஓடிவந்தான். “ஹஜ்ரத், நன்னி எந்திரிக்க மாட்டேங்கிறாங்க” என்றான்.

நாம் போய்ச் சேர்ந்தபோது அவனுடைய பாட்டியார் அடுப்படித் தரையில் கிடந்தார். உடல் முழுவதும் வியர்வை. அருகில் இஃப்தாருக்குப் பொரித்து வைத்த சமோசாக்கள். பக்கத்து வீட்டுப் பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார். இன்னொருவர் இறுகிக் கிடந்த வாயில் ஸம்ஸம் நீரை ஊற்ற முயன்றார். அனைவரிடமும் அன்பு இருந்தது, அறிவு ஒருவரிடமும் இல்லை. ஆட்டோவில் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். இரத்தச் சர்க்கரை 38 என்று கருவி காட்டியது. நரம்பின் வழியே குளுக்கோஸ் ஏற்றினார்கள். கண் விழித்தார், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் விழுந்த வேகத்தில் இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இன்றும் அவர் நாற்காலியில் அமர்ந்தே தொழுகிறார்.

அந்த ரமளானுக்கு இரண்டு வாரங்களுக்கு முன் அவர் நம்மிடம் வந்து கேட்டிருந்தார். “ஹஜ்ரத், சர்க்கரைக்கு மாத்திரை போடுறேன். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. நோன்பு வைக்கலாமா?”

நாம் என்ன மாத்திரை என்று கேட்கவில்லை. மருத்துவர் என்ன சொன்னார் என்று கேட்கவில்லை. “வைங்கம்மா, அல்லாஹ் லேசாக்குவான்” என்றோம். அதோடு நில்லாமல், ஜப்பான் விஞ்ஞானியின் கதையையும் நம் வாயாலேயே சொன்னோம்.

அவர் மருத்துவரையும் கேட்டிருந்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. மருத்துவர் சீட்டிலிருந்து தலையை உயர்த்தாமலே “நோன்பெல்லாம் வேண்டாம்” என்று சொல்லிவிட்டு, வழக்கமான மாத்திரைகளையே எழுதித் தந்தாராம். ‘நம் மார்க்கம் இவருக்கு என்ன தெரியும்’ என்று அந்த அம்மையார் எண்ணிக்கொண்டார். காலை மாத்திரையைச் சஹரில் விழுங்கினார். அது கணையத்தை உந்தி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் வகை மாத்திரை. வயிற்றில் உணவு இருக்கிறதா இல்லையா என்று அது பார்ப்பதில்லை. சர்க்கரையைக் குறைத்துக்கொண்டே போகும். அவரோ எல்லோருக்கும் சஹர் பரிமாறிவிட்டு, பாங்கு சொல்வதற்கு முன் இரண்டு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்தவர்.

பள்ளிவாசல் ஒரு சொல் சொன்னது, மருத்துவமனை ஒரு சொல் சொன்னது. இரண்டுக்கும் நடுவே அந்த அம்மையார் விழுந்தார்.

நாம் பகிராத ஆய்வுகள்

நோன்பையும் சர்க்கரை நோயையும் பற்றி மெய்யான ஆய்வுகள் இருக்கின்றன. முஸ்லிம்களிடையே, முஸ்லிம்களுக்காக, பல இடங்களில் முஸ்லிம் மருத்துவர்களே செய்தவை. அவற்றை எந்த வாட்ஸ்அப் குழுவிலும் நாம் கண்டதில்லை.

2001ஆம் ஆண்டு இந்தியா, வங்கதேசம், பாகிஸ்தான், எகிப்து, சவூதி அரேபியா உள்ளிட்ட 13 நாடுகளில் ‘எபிடியார்’ என்ற பெரும் ஆய்வு நடந்தது. 12,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் சர்க்கரை நோயாளிகளின் நிலையை அது திரட்டியது. 2004இல் முடிவுகள் வெளியாயின. பெரியவர்களிடம் பரவலாகக் காணப்படும் இரண்டாம் வகைச் சர்க்கரை நோயாளிகளில் 79 விழுக்காட்டினர் ரமளானில் குறைந்தது 15 நாட்கள் நோன்பு நோற்றிருந்தனர். இன்சுலின் இன்றி வாழவே முடியாத முதல் வகையினரிலும் 43 விழுக்காட்டினர் நோற்றிருந்தனர். ஈமானின் வலிமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

அதே ஆய்வு சொன்ன மறுபாதி இது. மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோகும் நிகழ்வு, மற்ற மாதங்களைவிட ரமளானில் முதல் வகையினருக்கு ஏறத்தாழ 4.7 மடங்கும் இரண்டாம் வகையினருக்கு 7.5 மடங்கும் கூடியிருந்தது. இத்தனைக்கும் மாத்திரை உட்கொள்வோரில் சுமார் நான்கில் ஒருவரும், இன்சுலின் போடுவோரில் சுமார் மூன்றில் ஒருவருமே ரமளானுக்காக மருந்தின் அளவை மாற்றியிருந்தனர். சாப்பாட்டு வேளை தலைகீழாக மாறியது, மருந்துச் சீட்டு மட்டும் மாறவில்லை.

அப்படியானால் சர்க்கரை நோயாளி எவரும் நோன்பு நோற்கக் கூடாதா? ஆய்வு அப்படியும் சொல்லவில்லை. 2010இல் வெளியான பிரிட்டன் ஆய்வு ஒன்றைப் பாருங்கள். இரண்டாம் வகைச் சர்க்கரை நோயுள்ள 111 முஸ்லிம்களில் 57 பேர் ரமளானுக்கு முன் நடத்தப்பட்ட விளக்க வகுப்பில் கலந்துகொண்டனர். 54 பேர் கலந்துகொள்ளவில்லை. வகுப்புக்கு வந்தவர்களிடையே சர்க்கரை தாழ்ந்த நிகழ்வுகள் ஒன்பதிலிருந்து ஐந்தாகக் குறைந்தன. வராதவர்களிடையே அதே ஒன்பது, முப்பத்தாறாக உயர்ந்தது. சிறிய ஆய்வுதான், வகுப்புக்கு வந்தவர்கள் இயல்பிலேயே கூடுதல் அக்கறை உடையவர்களாக இருந்திருக்கவும் கூடும். ஆயினும் அது சுட்டும் திசை தெளிவானது. புது மருந்து எதுவும் அங்கே தரப்படவில்லை. உட்கார வைத்துப் பேசினார்கள், அவ்வளவுதான்.

இவற்றையெல்லாம் ஒன்றுதிரட்டி, சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பும் நீரிழிவும் ரமளானும் குறித்துப் பணியாற்றும் பன்னாட்டு மருத்துவர் குழுவும் சேர்ந்து 2016இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டன. 2021இல் அவற்றைப் புதுப்பித்தன. ரமளானுக்கு 6 முதல் 8 வாரங்களுக்கு முன்பே நோயாளி மருத்துவரைக் காண வேண்டும். நோயின் வகை, அது எத்தனை ஆண்டுகளாக உள்ளது, என்ன மருந்து, சிறுநீரகத்தின் நிலை, முன்பு சர்க்கரை தாழ்ந்து மயங்கியதுண்டா, முதுமைத் தளர்ச்சி, உடலுழைப்பு, சென்ற ரமளானின் அனுபவம் ஆகியவற்றுக்கெல்லாம் மதிப்பெண் இட்டுக் கூட்டுகிறார்கள். 3 வரை என்றால் குறைந்த அபாயம், 6 வரை என்றால் நடுத்தரம், 6ஐத் தாண்டினால் கடும் அபாயம். நோன்பு நோற்கத் தக்கவர் எனில் எந்த மருந்தை எந்த வேளைக்கு, எந்த அளவுக்கு மாற்றுவது என்பது அதன் பிறகு முடிவாகிறது. நோன்பின்போது சர்க்கரை 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேலே ஏறினாலோ உடனே நோன்பை விட்டுவிட வேண்டும்.

நமது நாட்டில் 10 கோடிக்கும் மேற்பட்டோர் சர்க்கரை நோயுடன் வாழ்கிறார்கள் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் துணையுடன் நடந்து 2023இல் வெளியான ஆய்வு கூறுகிறது. நோன்புக் கஞ்சி காய்ச்சும் எந்தத் தெருவிலும் இந்நோய் இல்லாத வீடு அரிது. ஓசுமியின் ஈஸ்ட் செல்லை மூலைமுடுக்கெல்லாம் கொண்டுசேர்த்த நாம், நம் தாய்மார்களின் உயிரைப் பற்றிய இந்த ஆய்வை ஏன் கொண்டுசேர்க்கவில்லை? முன்னது நம்மைப் புகழ்ந்தது. பின்னது நம்மிடம் வேலை கேட்கிறது. வேறு காரணம் நமக்குத் தெரியவில்லை.

மார்க்கம் எந்தப் பக்கம் நிற்கிறது?

‘ஆய்வு ஆயிரம் சொல்லும், மார்க்கம் என்ன சொல்கிறது?’ என்று கேட்போர் உண்டு. மார்க்கத்தையே பார்ப்போம்.

நோன்பைக் கடமையாக்கிய வசனங்களிலேயே (2:184, 185) நோயாளிக்குச் சலுகையும் இணைந்திருக்கிறது. அல்லாஹ் நமக்கு இலகுவையே நாடுகிறான், சிரமத்தை நாடுவதில்லை என்ற அறிவிப்பு அங்கேதான் இடம்பெறுகிறது. நம் கைகளாலேயே நம்மை அழிவில் தள்ளிக்கொள்ள வேண்டாம் என்பதும் (2:195), நம்மை நாமே மாய்த்துக்கொள்ள வேண்டாம் என்பதும் (4:29) அதே இறைவனின் கட்டளைகள்தாம்.

ஹிஜ்ரி 8ஆம் ஆண்டு, மக்கா வெற்றிக்கான பயணம் ரமளானில் நிகழ்ந்தது. மக்களுக்கு நோன்பு கடினமாக இருப்பதை அறிந்த நபி (ஸல்) அவர்கள், அனைவரும் பார்க்கும்படி தண்ணீர்ப் பாத்திரத்தை உயர்த்திப் பிடித்து அருந்தினார்கள். அதன் பிறகும் சிலர் நோன்பை விடவில்லை என்று செய்தி வந்தபோது, அவர்களைக் கட்டளைக்கு மாறு செய்தவர்கள் என்றே குறிப்பிட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் பதிவான நிகழ்வு இது. நபியவர்கள் மறைவில் அருந்தவில்லை என்பதைக் கவனியுங்கள். நம் வீடுகளில் நோன்பு வைக்க இயலாத பெண்கள் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டு, பேரப்பிள்ளைகள் பார்த்துவிடுவார்களோ என்று அஞ்சி மாத்திரை விழுங்குகிறார்கள். அல்லாஹ் தந்த சலுகையை ஒரு திருட்டைப் போல ஆக்கியது யார்? ‘இந்த வயசிலும் என் மாமியார் ஒரு நோன்பை விட்டதில்லை’ என்று பெருமை பேசும் நாவுகளும், அந்தப் பேச்சுக்குத் தலையாட்டிய நாமும்தான்.

அபூதாவூதில் வரும் இன்னொரு நிகழ்வை எண்ணும்போதெல்லாம் நம் உடல் நடுங்குகிறது. பயணத்தில் ஒருவருக்குக் கல்லடி பட்டுத் தலை பிளந்தது. பின்னர் அவருக்குக் குளிப்புக் கடமையாயிற்று. தயம்மும் செய்துகொள்ள அனுமதி உண்டா என்று தோழர்களிடம் கேட்டார். தண்ணீர் இருக்கிறதே, உமக்கு அனுமதி இல்லை என்றார்கள். அவர் குளித்தார், இறந்துபோனார். செய்தி எட்டியதும் நபி (ஸல்) அவர்கள் அவரைக் கொன்றவர்கள் அந்தத் தோழர்களே என்று கடிந்துரைத்தார்கள். தெரியாதபோது கேட்டிருக்க வேண்டாமா, அறியாமைக்கு மருந்து கேட்டறிவதல்லவா என்றும் கூறினார்கள். அந்தத் தோழர்கள் தீய எண்ணத்தோடு சொல்லவில்லை, பேணுதல் என்று எண்ணியே சொன்னார்கள். ‘வைங்கம்மா’ என்று நாம் சொன்னதும் அப்படித்தான். இந்த ஹதீஸைப் பல முறை பாடம் நடத்தியிருக்கிறோம். அது நம்மைக் குறித்துப் பேசுகிறது என்பது அந்த மருத்துவமனைத் தாழ்வாரத்தில்தான் விளங்கியது.

மார்க்க அறிஞர்களும் இவ்விஷயத்தில் வாளாவிருக்கவில்லை. பன்னாட்டு இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி 2009இல் ஷார்ஜாவில் கூடிய அமர்வில் சர்க்கரை நோயாளிகளை அபாயத்தின் அளவுப்படி பிரித்து, கடும் தீங்கு நேரும் என்று மருத்துவர் கருதுவோர் நோன்பை விடுவது கடமை என்று தீர்மானித்தது. விடலாம் என்று சொல்லவில்லை, விட வேண்டும் என்றது. பரிசோதனைக்காக இரத்தம் எடுப்பதாலோ, உணவாகச் செலுத்தப்படாத ஊசியாலோ நோன்பு முறியாது என்று 1997இல் ஜித்தாவிலேயே அது தெளிவுபடுத்தியிருந்தது. ஆயினும் விரல் நுனியில் ஒரு சொட்டு இரத்தம் எடுத்தால் நோன்பு போய்விடும் என்று அஞ்சி, சர்க்கரை பார்க்கும் கருவியை ரமளான் முழுவதும் பீரோவில் பூட்டி வைப்போர் நம்மிடையே எத்தனை பேர்!

மருத்துவர்களுக்கும் ஒரு சொல்

தவறு பள்ளிவாசலின் பக்கம் மட்டும் இல்லை. நோயாளி நோன்பைப் பற்றிக் கேட்டவுடன் ஒரே வரியில் ‘வேண்டாம்’ என்று முடித்துவிடும் மருத்துவர், தம் கடமை தீர்ந்தது என்று எண்ணுகிறார். கேட்டவர் எப்படியும் வைக்கத்தான் போகிறார் என்பதை மேற்சொன்ன 79 விழுக்காடு காட்டுகிறது. வைக்கப்போகிறவரிடம் பழைய சீட்டையே கொடுத்தனுப்புவது, குழி இருக்கும் பாதையில் போகாதே என்று மட்டும் சொல்லிவிட்டுக் குழி எங்கே என்று காட்டாமல் விடுவதற்கு ஒப்பாகும். நோயாளியின் வாழ்க்கையையும் வணக்கத்தையும் அறிந்துகொள்வது சிகிச்சைக்கு வெளியே உள்ள உபசாரம் என்று எண்ணலாகாது, அதுவும் சிகிச்சையே. கூட்டம் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் நேரம் இல்லை என்பதை அறிவோம். அதனால்தான் சமுதாயம் பாதித் தூரம் நடந்து வர வேண்டும் என்கிறோம்.

‘முஸ்லிமல்லாத மருத்துவர் சொல்லி நோன்பை விடலாமா?’ என்று கேட்கிறார்கள். பழைய ஃபிக்ஹு நூல்கள் சிலவற்றில் முஸ்லிம் மருத்துவர் என்ற நிபந்தனை இருப்பது உண்மை. ஆயினும் திறமையும் நம்பகமும் உள்ள மருத்துவர் எவராயினும் அவருடைய சொல்லை ஏற்கலாம் என்பது அறிஞர் பலரின் தீர்ப்பு. ஹிஜ்ரத் பயணத்தில், உயிரே பணயமாக இருந்த வேளையில், நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியாக அமர்த்திய அப்துல்லாஹ் பின் உரைக்கித் அப்போது முஸ்லிம் அல்லர் என்பதை அவர்கள் சான்றாகக் காட்டுகிறார்கள். மூட்டு வலிக்கும் கண்புரைக்கும் எவரிடம் போகிறோமோ அவர் சொல்லை நோன்பில் மட்டும் மறுப்பது பேணுதல் ஆகாது.

இந்த ரஜபில் செய்ய வேண்டியவை

ரமளான் பிறை பார்த்த பிறகு இவற்றைப் பேசிப் பயனில்லை. அதனால்தான் ரஜபிலேயே எழுதுகிறோம்.

ஜமாஅத் நிர்வாகிகளுக்கு: ஷஅபானுக்கு முன் ஒரு ஜும்ஆ பயானை இதற்கென ஒதுக்குங்கள். அன்று மாலை ஊரிலுள்ள மருத்துவர் ஒருவரையும் இமாமையும் ஒரே மேடையில் அமர்த்துங்கள். பெண்கள் கேட்க வழி செய்யுங்கள்; அடுப்படியில் மயங்கி விழுகிறவர்கள் அவர்கள்தாம். இஃப்தார் விருந்துக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கு, ஏழை நோயாளிகளுக்குச் சர்க்கரை பார்க்கும் கருவி வாங்கப் போதும்.

ஆலிம் பெருமக்களுக்கு: ‘நோன்பு வைக்கலாமா?’ என்று ஒரு நோயாளி கேட்டால், ‘மருத்துவர் என்ன சொன்னார்? என்ன மருந்து?’ என்று கேட்காமல் பதில் சொல்வதில்லை என உறுதி கொள்வோம். தீராத நோயுள்ளவர் ஒரு நோன்புக்கு ஓர் ஏழைக்கு உணவளிக்கும் ஃபித்யாவைத் தாழ்ந்த குரலில் சொல்லாமல் மிம்பரில் நின்று சொல்வோம்.

குடும்பத்தாருக்கு: அம்மாவையோ அத்தாவையோ இப்போதே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மாத்திரை அட்டைகளைக் கையோடு கொண்டு போங்கள். ‘நோன்பு வைக்கலாமா?’ என்று மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பாதீர்கள். ‘வைத்தால் எந்த மாத்திரையை எப்போது போடுவது, எப்போது நோன்பை விடுவது?’ என்றும் கேளுங்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்கவோ கூட்டவோ வேண்டாம். தமிழ்நாட்டில் 2021 முதல் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை பெறுவோர், வரும் பணியாளரிடம் சொல்லி ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரைக் காண ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். நடுக்கமும் வியர்வையும் தடுமாற்றமும் கண்டால், மஃரிபுக்குப் பத்து நிமிடமே இருந்தாலும் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து நோன்பை விடச் செய்யுங்கள். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள்; உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள்.

இப்னு ஸீனாவும் அர்ராஸீயும் நம்மவர்கள் என்று மேடைதோறும் முழங்குகிறோம். அவர்கள் பெயரைச் சொல்ல நமக்குத் தகுதி வேண்டுமென்றால், நம் தெருவில் மாத்திரை அட்டையுடன் கதவோரம் நிற்கும் அந்த முதியவரிடம் முதலில் ஒரு கேள்வி கேட்போம்.

அந்த மாணவனின் பாட்டியார் இப்போது நோன்பு நோற்பதில்லை. ஒவ்வொரு நாளும் ஓர் ஏழைக்குரிய ஃபித்யாவைப் பேரன் கையில் கொடுத்தனுப்புகிறார். சென்ற ரமளானில் அவரைக் காணச் சென்றபோது, கதவைச் சாத்தாமல், நம் கண்முன்னே மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தார். “நீங்க சொன்னீங்களே ஹஜ்ரத், இதுவும் அவன் கட்டளைதான்னு” என்றார். முதல் முறை தவறாகச் சொன்னதை அவர் ஒரு முறையும் நினைவூட்டியதில்லை. அந்த மன்னிப்புக்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். இக்கட்டுரை அக்கடனில் ஒரு சிறு பகுதி.

நம் வணக்கங்களை ஏற்று, நம் நோயாளிகளுக்கு ஷிஃபாவை வழங்கி, தெரியாததைக் கேட்டறியும் பணிவை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.